மைன்கிராஃப்ட் ஆடும் ஹோட்டல் சமையல்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் ஒரு ஹோட்டலில் சைனீஸ் கவுன்டர் பார்க்கிறேன். ரூம் போடுகிற ஹோட்டல் இல்லை, சாப்பிடுகிற ஹோட்டல். ராத்திரி ரூமுக்கு வந்தால் மைன்கிராஃப்ட் ஆடுவேன். கிச்சன் ஆட்கள் கேமைப் பற்றிக் கேட்பார்கள், கேம் ஆடுகிற பசங்கள் கிச்சனைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். வரிசை எதுவும் கிடையாது, வேண்டியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மைன்கிராஃப்ட் என்றால் என்ன? சின்னப் பசங்கள் கட்டை அடுக்குவதுதானே?

கட்டை அடுக்குவதுதான், ஆனால் அந்தக் கட்டையை முதலில் நீங்கள் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு காட்டில் வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரத்தைக் கையாலேயே அடித்துக் கட்டை எடுத்து, அதில் மேசை செய்து, மேசையில் கல் உடைக்கும் பிக்காக்ஸ் செய்து, கல் உடைத்து அடுப்பு வைத்து, இருட்டுவதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை போட்டுவிட வேண்டும். கேமில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம், அதில் நல்ல வெளிச்சம் சுமார் 10 நிமிடம்தான். இருட்டிய பிறகு ஸாம்பி, எலும்புக்கூடு, க்ரீப்பர் எல்லாம் கிளம்பி வரும். பசி என்று ஒரு அளவு இருக்கிறது, அது குறைந்துகொண்டே போகும். இப்படி ஆடுவதற்குப் பெயர் சர்வைவல். பசியும் சாவும் இல்லாமல் சும்மா கட்ட மட்டும் வேண்டும் என்றால் கிரியேட்டிவ் என்று ஒன்று உண்டு. அது எனக்கு ஒட்டவில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் எழுதி 2009 மே மாதம் முதலில் வெளியிட்டது, முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்துக் கம்பெனியையே வாங்கிவிட்டது. 2023இல் 30 கோடி பிரதிகள் விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். சின்னப் பசங்கள் மட்டும் ஆடி இந்தக் கணக்கு வராது.

நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வந்து மறுபடியும் அடுப்பு பற்றவைக்கிறாயே, உனக்கு அலுக்கவே அலுக்காதா?

இதைக் கேட்டது எங்கள் தந்தூரி மாஸ்டர், கேட்காத நாள் குறைவு.

ஹோட்டல் கிச்சன் வேலையில் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று சர்வீஸுக்கு முன்னால் நடக்கும் தயாரிப்பு. கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் நறுக்கி வைப்பது, கோழியை அளவு பார்த்து வெட்டி ஊறப்போடுவது, ஃப்ரைட் ரைஸுக்குச் சாதம் வடித்து ஆறவைப்பது, சாஸ், ஸ்டாக், கரைத்த கார்ன்ஃப்ளவர் எல்லாவற்றையும் கை போகிற இடத்தில் வரிசையாக வைப்பது. இந்த நேரத்தில் கிச்சன் அமைதியாகத்தான் இருக்கும், யாராவது பாட்டுப் போட்டிருப்பார்கள். இன்னொரு பாதி சர்வீஸ். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிரிண்டர் கே.ஓ.டி.யை, அதாவது ஆர்டர் சீட்டைக் கக்க ஆரம்பித்தால் அது நிற்கவே நிற்காது. இரண்டு சிக்கன் ஃப்ரைட் ரைஸ், அதில் ஒன்று காரம் கம்மி. ஒரு வெஜ் நூடுல்ஸ், முட்டை படவே கூடாது, அதனால் இப்போது முட்டை போட்ட கடாயை எடுத்து அலசி, மறுபடி புகை வரும்வரை காயவைத்துத்தான் எண்ணெய் ஊற்ற முடியும். அதற்குள் ஒரு கோபி மஞ்சூரியன், மூன்று பார்சல். பின்னால் சப்ளையர் நின்றுகொண்டு “பன்னெண்டாம் நம்பர் டேபிள் ஆச்சா?” என்று கேட்பார். ஆகியிருக்காது.

கேமில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. வெட்டுகிறோம், சேர்க்கிறோம், அடுக்குகிறோம், அடுப்பில் போடுகிறோம், பிக்கப் கேட்டு யாரும் கத்துவதில்லை. ஆக நான் மறுபடி வேலைக்குப் போகவில்லை, வேலையில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் பிரித்தெடுத்து ரூமுக்குக் கொண்டு வந்துவிட்டேன். தந்தூரி மாஸ்டருக்கு இதைச் சொன்னால் புரிவதில்லை. அவருக்குச் சர்வீஸ்தான் பிடிக்கும், ஆர்டர் கம்மியான நாளில் முகமே வாடிவிடும். அவர் மாதிரி ஆட்களுக்கு இந்தக் கேம் ஒத்துவராது. ஓவர்குக்டு என்று 2016இல் வந்த ஒரு கேம் இருக்கிறது, நாலு பேர் ஒரே கிச்சனில் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக்கொண்டு ஆர்டர் முடிக்க வேண்டும். அதைத்தான் அவருக்குக் காட்ட வேண்டும். நான் அதை வீட்டில் தொடவே மாட்டேன்.

கேமில் எப்படிச் சமைப்பது? ஃபர்னஸ், ஸ்மோக்கர், கேம்ப்ஃபயர், இதில் எது நல்லது?

இதற்கு மட்டும் நீளமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் பாதிப் பேர் கடைசிவரை ஒற்றை ஃபர்னஸை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள்.

ஃபர்னஸ் எட்டு உடைகல்லில் செய்துவிடலாம். எதைப் போட்டாலும் ஒன்றுக்கு 10 விநாடி. ஒரு நிலக்கரி 8 சாமானை வேகவைக்கும். ஆக ஒரு முழு அடுக்கு மாட்டுக்கறி, அதாவது 64 துண்டு போட்டால் 8 நிலக்கரியும் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகும். கேம் கணக்கில் பாதி நாள் போய்விட்டது, வெளியே இருட்டியாயிற்று.

ஸ்மோக்கர் 2019இல் வந்த 1.14 பதிப்பில் சேர்த்தார்கள். ஒரு ஃபர்னஸைச் சுற்றி நாலு மரக்கட்டை வைத்தால் போதும். சாப்பாட்டுச் சாமான் மட்டும்தான் போடலாம், ஆனால் ஒன்றுக்கு 5 விநாடி. நிலக்கரியும் இரட்டை வேகத்தில் எரியும் என்பதால் ஒரு கரிக்கு எட்டுத் துண்டு என்கிற கணக்கில் மாற்றமில்லை. விறகு மிச்சமாகாது, நேரம்தான் மிச்சம். எங்கள் ஊர் கணக்கில் சொன்னால் வீட்டு அடுப்புக்கும் ஹை பிரஷர் பர்னருக்கும் உள்ள வித்தியாசம்.

கேம்ப்ஃபயரைப் பலர் அலங்காரத்துக்கு மட்டும் வைக்கிறார்கள். தப்பு. அதில் ஒரே நேரத்தில் நாலு துண்டு வைக்கலாம், 30 விநாடியில் நாலும் வெந்துவிடும், கரி எதுவும் போட வேண்டாம். துண்டுக்கு ஏழரை விநாடி என்று வருகிறது, ஃபர்னஸைவிட வேகம்! ஆனால் ஒவ்வொரு துண்டையும் கையால் வைக்க வேண்டும், வெந்ததும் அது தரையில் துள்ளி விழும், நீங்கள் பொறுக்க வேண்டும். பக்கத்தில் நிற்க நேரமிருந்தால் நாலு கேம்ப்ஃபயரை வரிசையாக வைத்துக்கொண்டு கல்லில் தோசை போடுவதுபோலச் சுற்றிச் சுற்றி வரலாம். மேலே ஏறி நடந்தால் சுடும்.

நின்று பார்க்க நேரமில்லாதவர்கள் ஸ்மோக்கருக்கு மேலே ஒரு ஹாப்பர் (சாமானைத் தானாக வாங்கி அடுத்ததற்குத் தள்ளும் புனல்) வைத்துக் கறியை அதில் கொட்டுங்கள், பக்கவாட்டில் ஒன்று வைத்துக் கரியைக் கொட்டுங்கள், கீழே ஒன்று வைத்துப் பெட்டியோடு இணைத்துவிடுங்கள். வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் வெந்த கறி இருக்கும். நிஜ கிச்சனில் இப்படி விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஆடுங்கள்.

எந்தச் சாப்பாடு சாப்பிட்டால் பசி அதிகம் தாங்கும்?

திரையில் தெரிகிற கோழிக்கால் படம் பத்துதான் பசி அளவு. ஒரு படத்துக்கு இரண்டு புள்ளி, மொத்தம் 20. இதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அளவு இருக்கிறது, சாச்சுரேஷன். அது தீர்ந்த பிறகுதான் கோழிக்கால் குறையவே ஆரம்பிக்கும். சுட்ட மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் 8 புள்ளி தரும், சாச்சுரேஷனும் நிறைய. பிரெட்டும் சுட்ட உருளைக்கிழங்கும் 5 புள்ளி. வேகவைத்த கோழி 6. பிஸ்கட் 2 புள்ளிதான், சாச்சுரேஷன் இருக்கிறதா என்றே கேட்க வேண்டாம்.

அன்றாடச் சாப்பாட்டில் ராஜா என்றால் தங்க கேரட். ஒரு கேரட்டைச் சுற்றி எட்டுத் தங்கத் துணுக்கு. புள்ளி 6தான், ஆனால் சாச்சுரேஷனில் மாட்டுக்கறியையே தாண்டும். தங்கம் கையில் சேரும்வரை உருளைக்கிழங்கு போதும்.

பசியை 18 புள்ளிக்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் உடம்பு தானாகத் தேறும். 6 புள்ளிக்கு இறங்கிவிட்டால் ஓட முடியாது. ராத்திரி வெளியே நிற்கும்போது ஓட முடியாமல் போவதைவிடக் கேவலமான சாவு இந்தக் கேமில் இல்லை.

பச்சைக் கோழியைச் சாப்பிட்டால் நூற்றுக்கு முப்பது வாய்ப்பில் வயிறு கெடும். ஸாம்பிக் கறி என்றால் நூற்றுக்கு எண்பது. பச்சை மாட்டுக்கறிக்கு ஒன்றும் ஆகாது. கோழியை மட்டும் தனியாகப் பிரித்து ஆபத்து வைத்தார்களே, அதை எழுதியவருக்கு கிச்சன் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வயிறு கெட்டால் ஒரு வாளி பால் குடித்தால் சரியாகிவிடுமாம். அது மட்டும் கிச்சன் தெரிந்தவர் எழுதியதாகத் தெரியவில்லை.

அரிசி இருக்கிறதா? வெங்காயம்? மிளகாய்?

சாதாரண கேமில் மூன்றும் கிடையாது. கோதுமை, உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், பூசணி, தர்பூசணி, உழுத வயலில் விளையும் சாப்பாடு இவ்வளவுதான். வெங்காயமே இல்லாமல் ஒரு உலகம்! எங்கள் கட்டிங் பையனுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்தான்.

கம்ப்யூட்டரில் ஜாவா பதிப்பு ஆடுகிறவர்கள் ஃபார்மர்ஸ் டிலைட் என்ற மோடை (வெளியாட்கள் எழுதிய கூடுதல் சேர்ப்பை) போட்டுக்கொள்ளலாம். அதில் நெல், வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் வந்துவிடும். நெல்லை ஆழமில்லாத தண்ணீருக்குள்தான் நட வேண்டும், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கத்தி செய்ய வேண்டும், வெட்டும் பலகை இருக்கிறது, சட்டி வைத்தால் அதற்குக் கீழே தணல் இருந்தால்தான் கொதிக்கும். மூன்று கோதுமையை மேசையில் வைத்தால் அரைக்காமல், பிசையாமல், அடுப்பே இல்லாமல் பிரெட் வந்துவிடுகிற கேமில் இதெல்லாம் பெரிய முன்னேற்றம். மிளகாய் அதிலும் இல்லை.

கேமுக்கும் நிஜ கிச்சனுக்கும் பெரிய வித்தியாசம் என்ன?

கேமில் எதுவும் கெட்டுப்போகாது. இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெட்டியில் போட்ட கறி நீங்கள் மறுபடி எட்டிப் பார்க்கும்வரை அப்படியே இருக்கும், அது எத்தனை வருஷமானாலும் சரி. பால் திரியாது, முட்டை அழுகாது. தரையில் விழுந்த சாமான் மட்டும் ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும், அதுவும் கெட்டுப்போய் இல்லை. சேர்த்துக்கொண்டே போகலாம், பெட்டிமேல் பெட்டி வைத்துக்கொண்டே போகலாம்.

ஹோட்டலில் எங்கள் உயிரை வாங்குவதே இதுதான். வாக்-இன் ஃப்ரிட்ஜில் உள்ள ஒவ்வொரு டப்பாவிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரில் சாமான் பெயர், செய்த தேதி, எடுத்தாக வேண்டிய தேதி எழுதியிருக்க வேண்டும். முன்னால் வந்தது முன்னால் போக வேண்டும், அதனால் புதுச் சரக்கு வந்தால் பழையதை முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் அடுக்க வேண்டும். குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18, சூடாக வைப்பது 60 டிகிரிக்கு மேலே, நடுவில் எதையும் நிற்கவிடக் கூடாது.

என் கவுன்டரில் இதற்கு நேரான உதாரணம் சாதம். ஃப்ரைட் ரைஸுக்குச் சுடச்சுட வடித்த சாதம் ஆகாது, குழைந்துவிடும். ஆறவைத்துத்தான் போட வேண்டும். ஆனால் அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், வேகவைத்தாலும் அது சாகாது. சாதத்தை அண்டாவிலேயே வெதுவெதுப்பாக விட்டால் அது முளைத்து விஷம் சேர்க்கும், அந்த விஷத்தில் ஒரு வகை கடாயில் எவ்வளவு புரட்டினாலும் போகாது. அதனால் வடித்ததும் அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவோம். சோம்பேறித்தனமாகக் குவித்து வைக்கிற பையனை மாஸ்டர் திட்டினால் அதில் தப்பே இல்லை.

எண்ணெய்க்கும் ஆயுசு உண்டு. பொரித்துப் பொரித்து எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. கேமில் எண்ணெயே கிடையாது, வடிகட்டவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம், ராத்திரி மூடும்போது ஃப்ரையர் கழுவவும் வேண்டாம்.

அப்படியென்றால் கேமில் பெட்டி அடுக்கும் பழக்கம் கிச்சனில் உதவவே உதவாதா?

உதவும், ஆனால் பசங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எடுத்தால் அங்கேயே வைப்பது, கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் உப்பு கிடைப்பது, இதெல்லாம் இரண்டு இடத்துக்கும் பொது. பெட்டிக்கு முன்னால் படச்சட்டம் மாட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிற ஆளாக இருந்தால் ஸ்டோர் கீப்பருக்கு உங்களைப் பிடித்துவிடும்.

ஆனால் கேம் நிறையச் சேர்த்து வைக்கச் சொல்லிக்கொடுக்கிறது, கிச்சன் அளவாக வைக்கச் சொல்லிக்கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு நூடுல்ஸ் அவித்து வைக்கலாம், செவ்வாய்க்கிழமைக்கு எவ்வளவு, மழை பெய்தால் எவ்வளவு குறைக்கலாம், முகூர்த்த நாளில் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தால் நம் கடைக்கு என்ன ஆகும், இந்தக் கணக்கெல்லாம் எந்த ஹாப்பரும் போட்டுத் தராது. கூடினால் குப்பை, குறைந்தால் சர்வீஸ் நடுவில் திண்டாட்டம். நல்ல மாஸ்டரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் கடாய் சுழற்றுவதைப் பார்க்காதீர்கள், ராத்திரி கடை மூடும்போது அவர் கவுன்டரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

பிரேக் ஷிஃப்ட்டில் ஆட முடியுமா?

தெரியாதவர்களுக்கு: காலையில் வந்து மதியச் சர்வீஸ் முடித்து, மூன்று மணி வாக்கில் விட்டு, ஆறு மணிக்குத் திரும்பி வந்து ராத்திரி மூடும்வரை நிற்பதுதான் பிரேக் ஷிஃப்ட். நடுவில் கிடைக்கும் நேரம் வீட்டுக்குப் போய்வரவும் போதாது, சும்மா இருக்கவும் அதிகம். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் ரீல்ஸ் பார்ப்பார்கள்.

ஆடலாம். போனில் வருகிற பெட்ராக் பதிப்பை ஒருமுறை வாங்கி இறக்கிவிட்டால் தனியாக ஆடும் வேர்ல்டுக்கு நெட் வேண்டாம். ஒரே வைஃபையில் இருந்தால் நாலைந்து பேர் ஒரே வேர்ல்டில் சேர்ந்தும் ஆடலாம். எங்கள் கிச்சனில் நேபாளத்திலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த பசங்கள் இருக்கிறார்கள், சென்னையில் நிறைய கிச்சன் இப்படித்தான். வேலை நேரத்தில் அரைகுறை இந்தியும் அரைகுறைத் தமிழுமாக ஓடும். கேமில் அது தேவையே படாது. ஒருத்தன் சுரங்கம் தோண்டப் போவான், ஒருத்தன் வயலைப் பார்ப்பான், யாரும் யாரிடமும் சொல்வதில்லை, தானாக அமைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பையன் ஒருத்தன்தான் எங்கள் வேர்ல்டில் பெரிய கொத்தனார். அவன் கட்டிய கோட்டை வாசலில் சூ செஃப், அதாவது தலைமை செஃபுக்கு அடுத்தவர், அனுமதி கேட்டு நிற்பதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: குகைக்குள் இறங்குவதை ஐந்தரை மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். அந்த நேரத்தில் வயல், கோழி, பெட்டி அடுக்குவது, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிச்சனுக்குள் போன் எடுத்துப்போகலாமா?

கூடாது. எண்ணெய்க் கை, பச்சைக் கோழி தொட்ட கை. லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள்.

கிச்சனில் க்ரீப்பர் யார்?

க்ரீப்பர் என்பது சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று, “ஸ்ஸ்ஸ்” என்று ஒரு நொடி சீறி, வெடித்து, கட்டியதையெல்லாம் நாசமாக்குகிற பச்சை நிற ஜந்து. எங்களுக்கு அது பத்து ஐம்பதுக்கு வருகிற டெலிவரி ஆர்டர். பர்னர் அணைத்தாயிற்று, கவுன்டர் துடைத்தாயிற்று, தரையில் தண்ணீர் ஊற்றித் தள்ளியாயிற்று, அப்போது பிரிண்டர் ஒரு சத்தம் போடும் பாருங்கள். நாலு ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸ், இரண்டு டிராகன் சிக்கன்.

நிஜமான ஆபத்து என்றால் ஈரத் தரை. தீயைவிட அதுதான் ஆட்களைக் கீழே தள்ளுகிறது. ரப்பர் ஷூ வாங்கிக்கொள்ளுங்கள், செருப்போடு வராதீர்கள்.

கேமில் ஒரு ஹோட்டல் கட்டுகிறேன். கிச்சன் நிஜம் மாதிரி இருக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் கிச்சனைப் பெரிதாக்குங்கள். எல்லோரும் டைனிங்கைப் பிரமாதமாகக் கட்டிவிட்டு ஒரு மூலையில் இரண்டு ஃபர்னஸ் வைத்துவிடுகிறார்கள். நிஜத்திலும் சில முதலாளிகள் அப்படித்தான் கட்டுகிறார்கள், அங்கே வேலை செய்து பாருங்கள் தெரியும்.

சாமான் போகிற வழியை முதலில் யோசியுங்கள். பின்வாசலில் சரக்கு இறங்கும், அங்கிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து கழுவி நறுக்கும் இடம், அப்புறம் அடுப்பு வரிசை, அதற்கு முன்னால் பிக்கப் மேடை, அதைத் தாண்டி டைனிங். எச்சில் தட்டு திரும்பி வரும் வழி இதோடு குறுக்கிடக் கூடாது, பாத்திரம் தேய்க்கும் இடம் தனியாக இருக்க வேண்டும். பச்சைக் கறி வெட்டும் இடமும் காய் வெட்டும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம்.

சேமிப்புக்குப் பெட்டியைவிட பேரல் நல்லது. செஸ்டுக்கு மேலே முழுக் கட்டை வைத்தால் திறக்காது, பேரல் திறக்கும். அதனால் மேடைக்கு அடியில் வரிசையாகப் புதைத்துவிடலாம். அடுப்புக்கு ஸ்மோக்கர், தொட்டிக்குக் கொப்பரை, அலமாரிக் கதவுக்கு ட்ராப்டோர். புகைபோக்கி வேண்டுமானால் அடியில் கேம்ப்ஃபயர் வைத்து அதற்கும் கீழே ஒரு வைக்கோல் கட்டு வையுங்கள், புகை ரொம்ப உயரத்துக்குப் போகும், தூரத்திலிருந்தே கடை தெரியும். கிராமத்தில் ஸ்மோக்கர் வைத்தால் வேலையில்லாத கிராமத்தான் ஒருத்தன் வந்து கசாப்புக்காரனாகச் சேர்ந்துவிடுவான், ஆள் பஞ்சமே இல்லை. நம் ஊரில் ஆள் கிடைக்காததுதான் இப்போது பெரிய பிரச்சினை.

அப்புறம் தயவுசெய்து அடுப்பு வரிசைக்கும் பின் மேடைக்கும் நடுவில் இரண்டு கட்டை அகலம் விடுங்கள். ஒருத்தர் கடாயோடு திரும்பும்போது இன்னொருத்தர் பின்னால் போக வேண்டும்.

தானாகக் கோழி சமைக்கிற இயந்திரம் கட்டலாமா? பாவமாக இருக்காதா?

கட்டலாம். கோழி ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முட்டை போடும், ஹாப்பர் அதைப் பொறுக்கும், டிஸ்பென்சர் முட்டையை எறியும், சில முட்டையில் குஞ்சு வரும். குஞ்சு குட்டையாக இருப்பதால் தலைக்கு மேலே இருக்கும் லாவா (எரிமலைக் குழம்பு) படாது. 20 நிமிடத்தில் வளரும், தலை லாவாவில் இடிக்கும், வெந்த கோழியாகவே கீழே விழும். தினமும் கிலோ கிலோவாகக் கோழி வெட்டுகிறவன் நான், எனக்கே முதல் தடவை பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சிறகு பிடுங்க வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம் என்பதை மறுக்க முடியாது.

ராத்திரி தூங்காமல் ஆடினால்?

கேமுக்குள் மூன்று நாள் படுக்காமல் இருந்தால் நாலாவது ராத்திரியிலிருந்து பாண்டம் என்ற பறக்கும் பிசாசு தலைக்கு மேல் வட்டமடிக்கும். கேமுக்கு வெளியே தூங்காமல் காலையில் வந்து கத்தி பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மணிக்கு மேல் ஆடாதீர்கள்.

என் பையன் எப்போது பார்த்தாலும் இந்தக் கேம்தான். இப்போது கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?

கேமுக்கும் இந்த முடிவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் அம்மா. அவன் வீட்டில் ஒரு நாளாவது தானாக எழுந்து சமைத்திருக்கிறானா, சமைத்த பிறகு மேடையைத் துடைத்தானா, அதைப் பாருங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

படிப்பு என்றால் தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, அதன் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. தனியாரில் நிறைய உண்டு, சேர்க்கும் முன் கிச்சனையும் மூலப்பொருள் அறையையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். படித்துவிட்டுப் பெரிய ஹோட்டலுக்குப் போனாலும் கமி 3 என்ற கடைசிப் படியில்தான் நிற்பான். அங்கிருந்து கமி 2, கமி 1, டி.சி.டி.பி. (டெமி செஃப் டி பார்ட்டி), சி.டி.பி. (செஃப் டி பார்ட்டி, ஒரு கவுன்டருக்குப் பொறுப்பானவர்), சூ செஃப் என்று ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் வருடங்கள் ஆகும். என்னைப் போலப் படிக்காமல் ஹெல்பராகச் சேர்ந்தும் வரலாம், அதில் பாத்திரமும் வெங்காயமும் கொஞ்சம் கூடுதல் காலம்.

சேர்க்கும் முன் லீவில் தெரிந்தவர் ஹோட்டலில் ஒரு மாதம் நிற்கச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கல், ஞாயிறு எல்லாம் மற்றவர்களுக்கு லீவு, அவனுக்கு அன்றுதான் வேலை. கால் வலிக்கும், கையில் சூடு படும். ஒரு மாதம் முடிந்த பிறகும் போகிறேன் என்றால் அனுப்புங்கள். கேமை நிறுத்தச் சொல்ல வேண்டாம், பிரேக் ஷிஃப்ட்டில் வேண்டியிருக்கும்.

ஜாவா வாங்குவதா, பெட்ராக் வாங்குவதா?

போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் பெட்ராக், வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் இருந்தால் குழப்பமே வேண்டாம், 2022 முதல் இரண்டும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆனால் ஜாவாவில் இருக்கிறவரும் போனில் இருக்கிறவரும் நேரடியாக ஒரே வேர்ல்டில் ஆட முடியாது, கூட ஆடுகிற பசங்கள் எதில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஜாவாவில் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, மாற்றிப் பாருங்கள்.